அர்ச். சவேரியார் கண்ட கனவு



டிசம்பர் மாதம் 3-ந் தேதி, இந்தியாவின் அப்போஸ்தலர் என்று பேர்பெற்ற அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரின் திருநாள். சவேரியார், சவரிமுத்து, சவேரியம்மாள் என்று யாதொரு பேரும் வழங்காத கத்தோலிக்கக் குடும்பம் தென்பாண்டி நாட்டில் அரிது. அவருடைய சீவியத்தை நம்மில் அநேகர் ஞான உபதேச வகுப்பிலே கேட்டிருக்கிறோம். ஆயினும் அவர் கண்ட ஒரு கனவைப் பற்றி அறிந்தவர் சிலரே. அந்தக் கனவையும், அதை அவர் எவ்விதம் ஏற்றுக்கொண்டார் என்பதையும் இவ்வாரம் தியானிப்போம்.

கனவு என்பது நம் ஊர்ப்பக்கத்தாருக்குப் புதிய சங்கதியல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தாம் கண்ட கலியாணக் கனவைப் பாடிவைத்த பாசுரங்கள் இன்றும் வைணவர் வீட்டுத் திருமணங்களில் ஓதப்படுகின்றன. செண்பகத்தோப்பு அடிவாரம் முதல் இராஜபாளையம் கடைத்தெரு வரையில், காலையில் எழுந்ததும் கண்ட கனவைச் சொல்லிப் பலன் கேட்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார் சிலர். பல் விழக் கண்டால் வீட்டில் துக்கம் வரும் என்பார் சிலர். இன்னது கண்டால் இன்ன பலன் என்று அட்டவணை போட்ட புத்தகங்களும் கடைகளில் விற்கின்றன.

கிறிஸ்தவர்களாகிய நாமும் இதற்கு விலக்கு என்று சொல்லிவிட முடியாது. கெட்ட கனவு கண்டதாகச் சொல்லி நிச்சயித்த சம்பந்தத்தை நிறுத்துவதும், ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டிய நோயாளியைக் கனவின் பேரால் வீட்டிலேயே வைத்துக்கொள்வதும், தேவமாதா கனவில் வந்து இன்னது கேட்டார்கள் என்று சொல்லுகிறவரிடம் பணத்தைக் கொட்டுவதும் பக்தியாகுமா? இதற்கு மாறாக, கனவெல்லாம் அஜீரணத்தின் விளைவு, சர்வேசுரன் கனவில் பேசுவதாவது என்று சிரிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தாருக்கும் அர்ச். சவேரியாரின் சீவியம் நல்ல மறுமொழி சொல்லுகிறது.

வேதாகமம் காட்டும் வழி

முதலாவது, சர்வேசுரன் கனவின் வழியாகவும் காட்சியின் வழியாகவும் மனிதரோடு பேசியிருக்கிறார் என்பது வேதாகமத்தின் பக்கங்களெங்கும் காணப்படும் சத்தியம். கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபு, பூமிக்கும் பரலோகத்துக்கும் நடுவே ஓர் ஏணியையும் அதில் ஏறி இறங்கும் சம்மனசுகளையும் கண்டார். அவர் குமாரனாகிய சூசை, எஜிப்து அரசனின் கனவிலே வந்த ஏழு கொழுத்த பசுக்களுக்கும் ஏழு மெலிந்த பசுக்களுக்கும் பொருள் சொல்லி, ஒரு தேசத்தையே பஞ்சத்தினின்று காத்தார். சலமோன் கனவிலே ஞானத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

புதிய ஏற்பாட்டிலே, அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் மாத்திரம் ஆறு கனவுகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் நான்கு நமது தந்தையாகிய அர்ச். சூசையப்பருக்கு வந்தவை. ஒன்று கீழ்த்திசை ஞானிகளுக்கு வந்தது. மற்றொன்று பிலாத்துவின் மனைவி கண்டது. அப்போஸ்தலர் நடபடி ஆகமத்திலோ, யோப்பாவில் மாடியின்மேல் செபித்துக்கொண்டிருந்த அர்ச். இராயப்பர் வானத்தினின்று இறங்கும் விரிப்பைக் கண்டார். துரோவா பட்டணத்தில் அர்ச். சின்னப்பர் இராக்காலத்திலே ஒரு மக்கெதோனியா தேசத்தான் நின்று, தங்கள் நாட்டுக்கு வந்து உதவும்படி மன்றாடுவதைக் கண்டார்.

ஆனால் அதே வேதாகமம் நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. கனவு காண்கிறவன் சனங்களை மெய்யான சர்வேசுரனை விட்டு விலக்கினால் அவனைக் கேட்கக்கூடாதென்று மோயீசன் கட்டளையிட்டார். தங்கள் சொந்த மனதின் எண்ணங்களைத் தேவவாக்கென்று சொல்லித் திரிந்த கனவுக்காரரை எரேமியாஸ் தீர்க்கதரிசி கண்டித்தார். கனவை நம்புகிறவன் நிழலைப் பிடிக்கவும் காற்றைத் துரத்தவும் ஓடுகிறவனுக்குச் சமானம் என்று சீராக்கின் ஆகமம் போதிக்கிறது.

அன்றியும், மெய்யான தேவ தரிசனங்களை உற்று நோக்கினால் ஒன்று விளங்கும். அவை மனிதருக்குப் பணத்தையும் புதையலையும் காட்டுவதில்லை, வேலையையே காட்டுகின்றன. சூசையப்பர் கண்ட ஒவ்வொரு கனவின் முடிவிலும் அவருக்கு ஒரு கடமை காத்திருந்தது. கன்னிமரியாளை ஏற்றுக்கொள்ளவேண்டும், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாய் அந்நிய நாட்டுக்கு ஓடவேண்டும், பிறகு திரும்பவேண்டும், கலிலேயாவுக்குப் போகவேண்டும். சின்னப்பரோ மக்கெதோனியாவுக்குப் போன சில நாளைக்குள் பிலிப்பி பட்டணத்தில் பிரம்படி பட்டுச் சிறையில் கிடந்தார். இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு சவேரியாரிடத்தில் வருவோம்.

கோட்டை வீட்டுப் பிள்ளை

பிரான்சிஸ்கு 1506-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி, ஸ்பெயின் நாட்டின் வடபாகத்திலுள்ள நவார் தேசத்தில், சவியேர் என்னும் கோட்டையிலே பிறந்தார். அந்தக் கோட்டையின் பேரே அவருக்குப் பேராயிற்று. அதுவே நம் தமிழில் சவேரியார் ஆயிற்று. தகப்பனார் அரசரின் மந்திராலோசனைச் சபையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1512-ல் நவார் தேசம் காஸ்தீல் அரசரின் படைக்கு வசமானது. மூன்று வருஷத்தில் தகப்பனார் இறந்தார். அதன்பின் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் பகைவர் இடித்துத் தள்ளினார்கள். பத்து வயதுப் பாலகன் தன் வீடு இடிபடுவதைக் கண்ணாரக் கண்டான்.

1521-ல் அண்ணன்மார் இழந்த தேசத்தை மீட்கப் போருக்குப் போனார்கள். அந்தப் போரிலே பம்பலோனா கோட்டையில் எதிர்த்தரப்பில் நின்று பீரங்கிக் குண்டினால் கால் முறிந்தவர் ஒரு வீரர். அவர்தான் பின்னாளில் அர்ச். இஞ்ஞாசியார். அண்ணன்மாருக்குப் பகைவராய் நின்றவரையே தம்பிக்கு ஞானத்தந்தையாகச் சர்வேசுரன் குறித்து வைத்திருந்தார். இதை எந்தக் கனவும் அப்போது அந்தக் குடும்பத்துக்கு அறிவிக்கவில்லை.

1525-ல் பிரான்சிஸ்கு பாரீஸ் நகரத்துச் சர்வகலாசாலைக்குப் போனார். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கெட்டிக்காரர், படிப்பில் கூர்மையானவர், பேரும் பதவியும் தேடும் ஆசை மிகுந்தவர். அர்ச். பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பேதுரு பாவர் என்னும் சாந்தகுணமுள்ள மாணவர். 2013-ம் ஆண்டில் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்டவர் இவரே. 1529-ல் அதே அறைக்கு, கால் நொண்டி நடக்கும், வயதில் மூத்த மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். இஞ்ஞாசியார்தான் அவர். பிரான்சிஸ்கு முதலில் அவரைப் பரிகாசம் பண்ணினார். ஆனால் உலகமெல்லாம் ஆதாயமாக்கிக்கொண்டாலும் ஆத்துமத்தை இழந்தால் என்ன பயன் என்ற நமது ஆண்டவரின் கேள்வியை இஞ்ஞாசியார் பொறுமையோடு அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். கல்மனம் மெள்ளக் கரைந்தது. 1534-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாளன்று, மோன்மார்த்தர் என்னும் குன்றிலுள்ள சிற்றாலயத்தில் ஏழு தோழர்கள் தரித்திரத்துக்கும் கற்புக்கும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சேசுசபையின் வித்து அங்கே விழுந்தது.

காட்சியைச் சோதித்தறியும் பாடம்

இஞ்ஞாசியாரிடத்தில் பிரான்சிஸ்கு கற்றுக்கொண்ட பாடங்களுள் ஒன்று நம் சங்கதிக்கு மிகவும் உரியது. இஞ்ஞாசியார் அநேக தரிசனங்களைப் பெற்றவர். ஆயினும் கண்டதையெல்லாம் தேவ தரிசனம் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மன்ரேசா ஊரில் தவம் செய்த காலத்திலே, சர்ப்பத்தைப் போன்ற அழகிய பிரகாசமுள்ள ஓர் உருவம் பலமுறை அவர் கண்முன் வந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாயிருக்கும். மறைந்தபின் மனம் வாடும். நாளடைவில் அது பசாசின் மாயம் என்று கண்டு அதைத் தள்ளிவிட்டார்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. இராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் அவருக்குப் பெரிய ஞான வெளிச்சங்களும் ஆறுதல்களும் வந்துகொண்டிருந்தன. தூக்கத்துக்கென்று குறித்த சொற்ப நேரமும் அதனால் போயிற்று. சர்வேசுரனோடு பேசுவதற்கு இத்தனை மணி நேரம் ஏற்கெனவே கொடுத்திருக்க, தூக்கத்தைக் கெடுக்கும் இந்த வெளிச்சம் நல்ல ஆவியிடமிருந்து வந்ததுதானா என்று அவர் யோசித்தார். அதை விட்டுத் தூங்குவதே நலமென்று தீர்மானித்தார். பார்சலோனாவில் சிறுபிள்ளைகளோடு இலத்தீன் இலக்கணம் படித்த காலத்திலும் அப்படியே. பாடம் மனப்பாடம் பண்ணும்போதெல்லாம் தியானத்துக்குரிய எண்ணங்கள் பெருகி வந்து பாடத்தைக் கெடுத்தன. செபத்தில் வராத வெளிச்சம் பாடவேளையில் வருவானேன் என்று கேட்டுக்கொண்டு, வாத்தியாரிடத்தில் போய், இனிமேல் பாடத்தைக் கவனிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அத்தோடு அந்தச் சோதனை நின்றது.

கடமையைக் கெடுக்கும் பக்தியான எண்ணமும் சந்தேகத்துக்குரியது என்பது எவ்வளவு பெரிய பாடம்! இப்படிப்பட்ட குருவின் கையில் பயின்றவர் சவேரியார்.

தோளில் ஏறிய மனிதன்

1537-ல் தோழர்கள் வெனீஸ் நகரத்துக்கு வந்து, தீராத நோயாளிகளின் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார்கள். பிரான்சிஸ்கு புண்களைக் கழுவினார், படுக்கைகளைச் சுத்தம் செய்தார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவ்வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டில் ஊர் ஊராய்ப் போகும்போது ஆஸ்பத்திரிகளிலும் சத்திரங்களிலும் தங்குவார்கள். அக்காலத்தில் அவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர் தியேகோ லைனெஸ் என்னும் தோழர். இவர் பிற்காலத்தில் சேசுசபைக்கு இரண்டாவது பெரிய சிரேஷ்டராக விளங்கியவர்.

பிரான்சிஸ்கு சில இராத்திரிகளில் திடுக்கிட்டு எழுந்து, உடம்பெல்லாம் களைத்துப்போனதாகச் சொல்லுவாராம். தாம் ஓர் இந்திய மனிதனைத் தோளிலே சுமந்துகொண்டு போவதாகவும், அவன் பாரம் தாங்காமல் நொறுங்கிப் போவதாகவும் கனவு கண்டேன் என்று லைனெஸ் சுவாமியாரிடம் அவர் சொன்னார். ஒரு தரமல்ல, பல தரம் இந்தக் கனவு வந்தது.

பிரியமான விசுவாசிகளே, முன்னாட்களில் செண்பகத்தோப்பு மலையிலிருந்து விறகுச்சுமை இறக்கி வந்தவர்களுக்குத் தெரியும், சரிவிலே சுமையோடு இறங்கும் தோளின் வலி. உயிரில்லாத கட்டைக்கே அப்படியானால், ஓர் ஆளையே சுமப்பதென்றால் எப்படியிருக்கும்! இந்தியாவை ஒருக்காலும் காணாத ஒரு வாலிப குரு, பாரீசில் படித்த பண்டிதர், நம்மில் ஒருவனைத் தம் தோளிலே சுமந்து தூக்கத்திலே பெருமூச்சு விட்டார் என்பதை நினைக்கும்போது நம் மனம் உருகாதிருக்குமோ?

ரோமாபுரியிலும் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு இரவு அவர் தூக்கத்தில் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற பொருள்படும்படி சத்தமாய்க் கூவினார். பக்கத்திலிருந்த சீமோன் ரொத்ரீகெஸ் என்னும் தோழர் காரணம் கேட்டும் அவர் அப்போது சொல்லவில்லை. பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறும் சமயத்திலேதான் அந்த இரகசியத்தை வெளியிட்டார். பசியும் தாகமும் குளிரும் புயலும் பிரயாசங்களும் கூட்டமாய் அவர் கண்முன் காட்டப்பட்டனவாம். சர்வேசுரனுடைய ஊழியத்துக்காக அவையெல்லாம் இன்னும் அதிகமாக வரட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டாராம்.

அழைத்தது கனவா, கீழ்ப்படிதலா?

இனி வருவதே இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பாகம். இப்பேர்ப்பட்ட கனவுகளைக் கண்டவர், எனக்குத் தேவ உத்தரவு வந்துவிட்டது, என்னை இந்தியாவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டாரா? கேட்கவில்லை. போர்த்துகல் அரசர் மூன்றாம் அருளப்பர் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமென்று கேட்டபோது, இஞ்ஞாசியார் தெரிந்துகொண்டது வேறு இருவரை: ரொத்ரீகெஸ், பொபதில்லா. சவேரியார் ரோமாபுரியில் கடிதம் எழுதும் காரியதரிசியாக வேலை செய்துகொண்டிருந்தார். தம் பேர் விடுபட்டதைப் பற்றி அவர் முறையிட்டதாக எங்கும் காணோம்.

1540-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பொபதில்லா சுவாமியார் நோயோடு ரோமாபுரி வந்து சேர்ந்தார். பிரயாணம் செய்யத் திராணியில்லை. போர்த்துகல் ஸ்தானாபதியோ புறப்படும் தறுவாயில் இருந்தார். இஞ்ஞாசியாரும் அப்போது சுகவீனமாய்ப் படுத்திருந்தார். அவர் சவேரியாரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லி, இந்த வேலை உம்முடையது என்றார். சவேரியார் உடனே சந்தோஷத்தோடு சம்மதித்தார். கிழிந்த அங்கியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு, பாப்பானவரின் ஆசீர்வாதம் பெற்று, ஓரிரு நாளில் புறப்பட்டுவிட்டார். குருவும் சீடரும் பிறகு இவ்வுலகத்தில் ஒருவரையொருவர் காணவேயில்லை.

கனவு அவர் மனதை உழுது பண்படுத்தியது. ஆனால் அவரை அனுப்பியது கனவல்ல, மூப்பரின் வார்த்தை. கனவு தேவனிடமிருந்து வந்ததானால், அதை நிறைவேற்றும் வழியையும் தேவனே திறப்பார் என்று அவர் பொறுத்திருந்தார். பரலோகக் காட்சி கண்ட சின்னப்பரையும் தமஸ்கு பட்டணத்தில் அனனியாவிடம் அனுப்பி, திருச்சபையின் கையில் ஒப்புவித்ததும் நமது ஆண்டவர்தானே.

முத்துக்குளித்துறையில்

1541-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி, தமது முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், லிஸ்போவா துறைமுகத்தில் கப்பலேறினார். காற்று தவறியதால் மொசாம்பிக் தீவில் பல மாதம் தங்கி, நோயாளிகளுக்கு ஊழியம் செய்து, 1542-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். அவ்வருஷக் கடைசியில், கோவாவில் படித்துவந்த, தமிழறிந்த மூன்று வாலிபரோடு முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் பரதவ சனங்கள் ஏறத்தாழ 20,000 பேர் சில வருஷங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை.

சவேரியாருக்குப் பாஷைகளின் வரம் கனவிலே வந்து இறங்கியதென்று எண்ணுகிறவர்கள் அவருடைய கடிதங்களைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள். தமிழ் அவருக்குப் பெரும் பிரயாசமாயிருந்தது. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, நாட்கணக்காய் உட்கார்ந்து, சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழாக்கி மனப்பாடம் பண்ணினார். அதிலும் பிழை நேர்ந்தது. விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் நுழைந்திருந்தது. 1544-ல் அதைக் கண்டுகொண்டு, தோழராகிய மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, சொல்லை மாற்றிச் சொல்லிக்கொடுக்கும்படி ஏவினார். காட்சி கண்டவரும் பாடம் படிக்க வேண்டியிருந்தது. படித்ததையும் திருத்த வேண்டியிருந்தது.

கையில் மணியெடுத்துக்கொண்டு வீதிவீதியாய்ப் போவார். பிள்ளைகளும் பெரியவர்களும் கூடுவார்கள். ஒரு நாளில் ஊர் முழுவதுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிற்று. ஞானஸ்நானத் தண்ணீர் வார்த்து வார்த்துக் கை சோர்ந்து தூக்க முடியாமல் போயிற்று. 1544 ஜனவரியில் தமது தோழர்களுக்கு இதை எழுதினார். ரோமாபுரித் தோழர் படித்தபோது பழைய கனவு அவர்களுக்கு நினைவு வந்திருக்குமோ? தோளிலே கனத்த பாரம் இப்போது கையிலே கனத்தது.

அதே வருஷத்தில் வடுகர் படை கன்னியாகுமரிக் கரை ஊர்களைச் சூறையாடியது. ஏழைச் சனங்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் தவித்தார்கள். செய்தி வந்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உதவிப்பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று நாட்கணக்காய் விடாமல் அடித்தது, தோணிகள் முன்னேறவில்லை. அவர் கரையிறங்கிக் கால்நடையாகவே போனார். நோயுற்றோரிடத்தில் தாம் போக முடியாதபோது, தமது செபமாலையைக் கொடுத்துச் சிறுபிள்ளைகளை அனுப்பினார். அவ்வருஷக் கடைசியில் திருவாங்கூர்க் கரையோர ஊர்களில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவ சனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

கனவு வராத மயிலாப்பூர்

1545-ல் அவர் மனதில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டிலேயே இருப்பதா, அல்லது ஆட்கள் வேதத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்ட மக்காசார் தீவுக்குப் போவதா? நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்து, அர்ச். தோமையார் கல்லறையண்டையில் ஏறக்குறைய நான்கு மாதம் தங்கி, இரவும் பகலும் செபித்து, சர்வேசுரனுடைய சித்தத்தைக் கேட்டார்.

இத்தனை கனவு கண்டவருக்கு இங்கே ஒரு கனவாவது வந்ததா? அவர் தோழருக்கு எழுதிய கடிதத்தில் கனவைப் பற்றியாவது காட்சியைப் பற்றியாவது ஒன்றும் இல்லை. நெடுநாள் செபத்தின் பின், தமது உள்ளத்திலே மிகுந்த ஆறுதலோடு, மலாக்கா பக்கம் போவதே தேவசித்தம் என்று உணர்ந்ததாக மாத்திரம் எழுதினார். இதுவே கிறிஸ்தவனுடைய சாதாரணமான பாதை: செபம், ஆலோசனை, பொறுமை, உள்ளத்தின் சமாதானம்.

அப்படிப் போயும், மக்காசார் தீவுக்கு அவர் போய்ச் சேரவில்லை. மலாக்காவில் கேட்ட செய்தி வேறாயிருந்தபடியால் அம்போயினாவுக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்கும் போனார். சர்வேசுரன் அவருக்குப் பாதை முழுவதையும் காட்டவில்லை. அடுத்த அடியை மாத்திரம் காட்டினார். 1549-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி ஜப்பான் தேசத்தில் காலடி வைத்தார். அங்கிருந்து சீன தேசத்தின் மேல் அவர் ஆசை பாய்ந்தது.

1552-ல் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் இறங்கி, தம்மை இரகசியமாய்க் கரை சேர்ப்பதாக வாக்களித்த வியாபாரியின் வரவை எதிர்பார்த்திருந்தார். அவன் வரவேயில்லை. காய்ச்சல் வந்தது. ஓலைக் குடிசையில், அந்தோணி என்னும் சீனக் கிறிஸ்தவர் பக்கத்திலிருக்க, சேசுவின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே டிசம்பர் மாதம் 3-ந் தேதி விடியுமுன் உயிர் விட்டார். வயது 46. எதிரே தெரிந்த சீன தேசத்தில் அவர் கால் வைக்கவில்லை.

அவருடைய சரீரம் 1554-ல் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று போம் சேசு ஆலயத்தில் இருக்கிறது. நம்மவருக்கு ஞானஸ்நானம் வார்த்துச் சோர்ந்த அந்த வலதுகரத்தின் பாகம் 1614-ல் ரோமாபுரிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, சேசுசபையின் தலைமை ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 1622-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ந் தேதி, பதினைந்தாம் கிரகோரியார் பாப்பானவர் அவரையும் அர்ச். இஞ்ஞாசியாரையும், காட்சிகள் பல கண்ட அர்ச். அவிலா தெரேசம்மாளையும், வயலில் உழுத அர்ச். இசிதோரையும், அர்ச். பிலிப்பு நேரியாரையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கு உயர்த்தினார். காட்சி கண்டவருக்கும் கலப்பை பிடித்தவருக்கும் ஒரே மகிமை! 1927-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பானவர், சவேரியாரையும் குழந்தை தெரேசம்மாளையும் வேதபோதக நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலராக நியமித்தார்.

நமக்குப் பாடம்

பிரியமான பெற்றோரே, பிள்ளைகளே, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது: திருவெளிப்பாடு முழுவதும் சேசுநாதரிலும் அப்போஸ்தலர்களிலும் நிறைவாயிற்று. அதன்பின் யாருக்கு எந்தக் காட்சி கிடைத்தாலும், அது விசுவாசத்தோடு ஒன்றையும் கூட்டாது, ஒன்றையும் குறைக்காது. திருச்சபை சோதித்து அங்கீகரித்த காட்சியானாலும், அது விசுவாசத்தின்படி நடக்க நமக்குத் துணையாகுமேயன்றி, சுவிசேஷத்தின் இடத்தைப் பிடிக்காது.

இரண்டாவது: கனவுக்குப் பலன் பார்ப்பதும், அதற்கென்று குறி கேட்பதும், சகுனம் பார்ப்பதும் முதல் கற்பனைக்கு விரோதம். வருங்காலத்தை அறிந்தவர் சர்வேசுரன் ஒருவரே. கெட்ட கனவு கண்டு எழுந்தால் சிலுவை அடையாளம் வரைந்து, ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி, மறுபடியும் தூங்குவதே உத்தமம். நோய்க்கு மருத்துவரிடம் போவதையும், பிள்ளைகளின் கலியாணத்தையும் கனவின் கையில் ஒப்புக்கொடுக்கலாகாது.

மூன்றாவது: ஒரு கனவு நம் மனதைத் திரும்பத் திரும்பத் தொட்டால், அதை அலட்சியம் பண்ணவும் வேண்டாம். இறந்துபோன தகப்பனாரைக் கனவில் கண்டால் அவர் ஆத்துமத்துக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது நல்லது. பேச்சு விட்டுப்போன சகோதரனைக் கனவில் கண்டால், எழுந்து போய்ச் சமாதானம் ஆவது நல்லது. இவற்றைச் செய்யக் கனவு வரவேண்டும் என்பதில்லை. ஆனால் வந்தால் நன்மைக்கு உபயோகப்படுத்தலாம். சந்தேகமிருந்தால் ஆத்தும குருவிடத்தில் சொல்லி ஆலோசனை கேட்கவேண்டும்.

நான்காவது: கனவு மெய்யா பொய்யா என்று அறியும் உரைகல், அது நம்மை எங்கே கொண்டுபோகிறது என்பதே. நம்மைப் பெரியவராக்கி, பணத்தைக் காட்டி, பிறர் மேல் சந்தேகத்தையும் பயத்தையும் மூட்டுகிற கனவை விட்டுவிடுவோம். பிறனைத் தோளில் ஏற்றுகிற கனவைத் தைரியமாய் ஏற்றுக்கொள்வோம். நம் வீட்டிலே படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியார், கடனில் முழுகிய அயலார், கூலி வேலைக்காக நம் ஊருக்கு வந்து பாஷை தெரியாமல் திகைக்கும் வெளிநாட்டார், வெளிமாநிலத்தார்: இவர்களெல்லாம் நம் தோளுக்காகக் காத்திருக்கிற மனிதர். இவர்களைக் காணத் தூங்க வேண்டியதில்லை, விழித்தாலே போதும்.

இந்த வாரம் நம் குடும்ப செபமாலையின் முடிவிலே, அர்ச். சவேரியாரை நோக்கி ஒரு பர. அருள். திரி. வேண்டிக்கொள்வோம். நம் முன்னோரைக் கனவிலும் நனவிலும் சுமந்த அந்தத் தோளின் பலத்தில் ஒரு சிறு பங்கு நமக்கும் கிடைக்கும்படி அவர் மன்றாடுவாராக. அர்ச். சூசையப்பரைப் போலத் தேவசித்தம் தெரிந்தவுடன் எழுந்து நடக்கும் வரத்தை நமது ஆண்டவர் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.